போட்டோவுக்கு மட்டும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், முன்னதைச் செய்யப்போய்ப் பின்னது ஆட்டம் காணும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். களமருதூர் பூமாலைக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கூரை வீட்டில் ஒழுகலும் சிரிப்புமாக நன்றாகத்தான் போனது. காங்கிரீட் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டத் தொடங்கிய அன்றே மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

கூரை வீட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்கிற வீடு அது. ஊரில் அதற்குத் தொகுப்பு வீடு என்று பேர். வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் வரும்; கட்டக் கட்ட அவளை அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். அதன்படி, பயனாளி செந்தமிழ்ச்செல்வி. கணவர் பூமாலை, குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். ஊரில் எல்லாத் தொகுப்பு வீடுகளும் இப்படிப் பெண் பெயரில்தான். ஆனால் சடையன் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தால் எதுவும் வேறு மாதிரி தெரியும்.

"இன்னா பூமாலை, இனிமே பொண்டாட்டி வூட்லதான் குடித்தனமா?" என்றான் சடையன், டீயை ஆற்றிக்கொண்டே. "மாசம் பொறந்தா வாடகைய ஒழுங்கா குடுத்துடு. இல்லன்னா சட்டி பானைய வெளிய எறிஞ்சிடப் போவுது."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆண்பிள்ளைக்கு ரோஷம் உள்ளே வந்தால் அறிவு எழுந்து வெளியே போய்விடும். பூமாலை நெஞ்சை நிமிர்த்தினான்.

"வூடு என்னுதுய்யா. மண்ணு சொமக்கறவன் நானு. அவ பேருக்குத்தான். கவர்மென்ட்டுக்குப் போட்டோவுல நிக்கறதுக்கு ஒரு பொம்பள வோணும், அதுக்குத்தான் அவ."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சடையனின் பார்வை பூமாலையின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே, கடைக்கால் தோண்டுகிற ஆட்களுக்கு டீ வாங்குவதற்காகத் தூக்குவாளியோடு செல்வி நின்றிருந்தாள்.

"அஞ்சு டீ. சக்கரை கம்மியா," என்றாள் அமைதியாக. டீ நிறைந்ததும் தூக்குவாளியை மூடிக்கொண்டு நடந்தாள்.

அவன் வீட்டுக்குப் போனபோது பையில் புடவைகள் அடுக்கப்பட்டிருந்தன.

"எங்க கெளம்பிட்ட?"

"அண்ணன் வூட்டுக்கு. போட்டோ என்னிக்குன்னு போன் பண்ணுங்க. வந்து நின்னுட்டுப் போறேன்."

பண்ணுங்க! நாலு வருஷமாக அவள் அவனை 'யோவ்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அதில் இருந்த செல்லம் அவனுக்கு மட்டுமே தெரியும். அவள் மரியாதை கொடுத்துப் பேசினால் சங்கதி பெரிது என்று அர்த்தம்.

அண்ணன் வெங்கடேசன் வெள்ளிமலையில், மலை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சின்னதாக ஒரு மெஸ் வைத்திருந்தார். கீழே இருந்து பிழைக்கப் போனவர், குளிருக்குப் பழகி அங்கேயே தங்கிவிட்டார். கோபம் தணிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பூமாலை போன் செய்தபோது அவர்தான் எடுத்தார்.

"அவ தோசை ஊத்திக்கினு இருக்கா மாப்ள. போட்டோ சேதியா, வேற சேதியா?"

"வேற சேதிதான் மச்சான்."

"வேற சேதின்னா போனைக் குடுக்க வேணாம்னு சொல்லி வெச்சிருக்கா. கோச்சிக்காத மாப்ள. எனக்கும் தோசை வோணும்ல?" என்று வைத்துவிட்டார்.

ஆக, பெண்டாட்டியின் குரலைக் கேட்கவேண்டுமென்றால்கூட வீடு ஒரு மட்டம் ஏறவேண்டும். பூமாலை வெறியோடு வேலை செய்தான். கொத்தனார் கண்ணாயிரத்துக்குக் கலவை போட்டுக் கொடுத்தான், கல் தூக்கினான், இரண்டு வேளையும் தண்ணீர் விட்டான். தரை உயர்ந்து பேஸ்மட்டம் வந்ததும் போன் செய்தான். "போட்டோ சேதி மச்சான், போட்டோ சேதி!" என்று லாட்டரி விழுந்தவனைப் போலக் கத்தினான்.

போட்டோ எடுக்க வருபவள் ஓவர்சீயர் ஹப்சா. கள்ளக்குறிச்சிப் பெண். அப்பா மஜீத்துக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. துப்பட்டாவுக்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஒவ்வொரு ஊராகச் சுற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் வீட்டையும் வீட்டுக்காரியையும் சேர்த்துச் செல்போனில் படம் எடுப்பாள். படம் ஏறினால்தான் அடுத்த தவணைப் பணம். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிற வீட்டில் பிறந்தவள் என்பதால் சுவரையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவாள்.

செல்வி கிளிப்பச்சைப் புடவையில், தலை நிறையப் பூவோடு வந்து இறங்கினாள். பூமாலைக்கு உள்ளே குளுகுளுவென்றது. அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்க நிக்கணும் மேடம்?"

"அப்டியே செவுத்துக்கு முன்னாடி நில்லுங்கக்கா. கொஞ்சம் சிரிங்க."

"சிரிக்கணும்னு சட்டம் இருக்குதா மேடம்?"

"இல்லக்கா."

"அப்ப இப்டியே எடுங்க."

பஸ் ஸ்டாண்டில் திறப்பு விழாவுக்குக் காத்திருக்கிற சிலையைப் போல நின்றாள். படம் எடுத்து முடிந்ததும் "வரேன் மேடம்" என்று கிளம்பிவிட்டாள். பூமாலை சடையன் கடையில் கோலி சோடா வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"வெயிலா இருக்குது. குடிச்சிட்டுப் போ செல்வி."

"போட்டோவுல நிக்க வந்தவளுக்கு எதுக்குங்க சோடா?"

பஸ் போய்விட்டது. உடைத்த சோடாவை என்ன செய்வது? புழுதியில் நின்று அவனே குடித்தான். ஏப்பம் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்துக்குப் பூமாலை தயாராக இருந்தான். முகச்சவரம், புதுச்சட்டை, கொஞ்சம் சென்ட். ஆனால் அன்றைக்கு ஹப்சாவின் செல்போன் புதிதாக ஒன்று கேட்டது. நிற்பவள் செந்தமிழ்ச்செல்விதான், அவளுடைய படம் இல்லை என்று அதற்கு நம்பிக்கை வரவேண்டுமாம். அதற்காகக் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும்.

"ஒரு தடவ சிமிட்டுங்கக்கா. இந்த வட்டம் பச்சையானா போதும்."

செல்வியின் கண்கள் செல்போனைப் பார்க்கவில்லை. ஹப்சாவின் தோளுக்கு மேலே, பின்னால் நின்ற பூமாலையின் புதுச்சட்டையையும் சவரம் செய்த முகத்தையும் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தன.

"அக்கா, சிமிட்டுங்க."

"வரல மேடம்."

"அது எப்டி வராம போவும்? மனுசங்க எல்லாருக்கும் வருமே!"

சாரத்தின் மேலிருந்து கண்ணாயிரம் கூப்பிட்டுச் சொன்னான்: "அந்தப் பொண்ணு மொறைச்சா எதுத்தாப்புல நிக்கறவந்தான் மேடம் சிமிட்டுவான். பூமாலைய வெச்சி எடுத்துக்கோங்க!"

அந்த முறைப்பைத் தாங்க முடியாமல் பூமாலை ஒரு அடி பின்னால் வைத்தான். பின்னால் இருந்தது கலவைத் தண்ணீர்த் தொட்டி. புதுச்சட்டையோடும் சென்ட் வாசனையோடும் மொத்தமாக உள்ளே உட்கார்ந்துவிட்டான். கால்கள் மட்டும் வெளியே நின்றன. செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கண்ணைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

"பச்சை ஆயிடுச்சு!" என்று ஹப்சா கைதட்டினாள்.

அன்றைக்குச் செல்வி பஸ் ஏறும்போது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். சிரிக்கிறாளா, தூசியா என்று தெரியவில்லை. சிரிப்பு என்றே வைத்துக்கொண்டு பூமாலை மேல்தளம் வரை வேலை செய்தான்.

மேல்தளம் போட்டு, சென்ட்ரிங் பலகை பிரித்ததும், கண்ணாயிரம் சமையல் மேடை கட்ட வந்தான்.

"எல்லா வூட்டுக்கும் வெக்கற ஒசரமே வெச்சிடட்டா?"

"இரு, இரு." பூமாலை சுவரோரம் போய் நின்றான். கண்ணை மூடினான். கையைக் காற்றில் ஏற்றி, இறக்கி, தன் இடுப்புக்குச் சற்றே கீழே ஓரிடத்தில் நிறுத்தினான். "இங்க. இதுக்கு மேல போனா அவளுக்குத் தோள் கடுக்கும். சோத்துக் குண்டான எறக்க எக்க வேண்டியிருக்கும்."

"கண்ண மூடிக்கினு அளவெடுக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றான் கண்ணாயிரம். "நான் பொண்டாட்டி கட்டி இருவது வருசம் ஆவுது. அவ ஒசரம் கேட்டா அவளக் கூப்ட்டுத்தான் பாக்கணும்."

மூன்றாவது போட்டோவுக்கு வந்த செல்வி முதல்முறையாக வீட்டுக்குள் போனாள். பூமாலை வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே அவள் சமையல் மேடைக்கு முன்னால் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் ஊன்றிப் பார்ப்பது தெரிந்தது. குனியவும் வேண்டியிருக்கவில்லை, எக்கவும் வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். ஆனால் முதல் பஸ் வந்தபோது செருப்பில் ஏதோ சரிசெய்துகொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸில்தான் போனாள்.

பூமாலை மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். ஹப்சா ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு போட்டோதாண்ணே. பூச்சு வேல, வெள்ளை, கக்கூஸுக்குக் கதவு. முடிச்சிட்டா ஃபைனல். அப்புறம் உங்களுக்கு எங்க தொந்தரவே இல்ல."

வேறு யாராவது என்றால் ஸ்வீட் கொடுத்திருப்பார்கள். பூமாலைக்குச் சுரீரென்றது. கடைசிப் போட்டோ. அதற்கப்புறம் 'போட்டோ சேதி' என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பச்சைப் புடவையோ பூவோ பஸ்ஸிலிருந்து இறங்கப்போவதில்லை. வீடு முடிந்தால் அவள் வருவதும் முடிந்தது.

அன்றிலிருந்து ஊரே பார்த்து வியக்கும்படி அவன் வேலை மந்தமானது. பூச்சுக்கு மணல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினான். சுண்ணாம்பில் நீலம் கொஞ்சம் ஜாஸ்தி என்று கண்ணாயிரத்தோடு சண்டை போட்டான். அதையெல்லாம் சாக்குச் சொல்லிச் சொல்லித் தீர்த்தபிறகு, கக்கூஸுக்கு வாங்கி வந்திருந்த நீலநிறப் பிளாஸ்டிக் கதவைக் கொண்டுபோய் வைக்கோல் போருக்குள் செருகிவிட்டான்.

"கதவு எங்கண்ணே?" என்று ஹப்சா கேட்டாள்.

"ஆர்டர் குடுத்திருக்கேன் மேடம்."

"பிளாஸ்டிக் கதவுக்கு ஆர்டரா? எங்கப்பா கடைக்குப் பக்கத்துக் கடையில ஆள் ஒசரத்துக்கு அடுக்கி வெச்சிருக்காங்க."

அடுத்த முறை கீல் கிடைக்கவில்லை. அதற்கடுத்த முறை நாள் நன்றாக இல்லை.

"கக்கூஸ் கதவுக்கு நல்ல நாளா!" என்று சடையன் கடையிலிருந்தே கத்தினான். "முகூர்த்தம் குறிச்சிப் பத்திரிக அடிச்சிடு பூமாலை. மொய் எழுத நாங்க வரோம்!"

நாலாவது முறை ஹப்சா வந்தபோது பூமாலையின் மாடு கட்டவிழ்த்துக்கொண்டு போய் வைக்கோல் போரில் வாய் வைத்திருந்தது. அது பிடுங்கிப்போட்ட இடத்தில் நீலமாக ஒரு மூலை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, உங்க ஊர்ல வைக்கோல் நீலமா வெளையுதா?"

பூமாலைக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "மாட்டிட்டா நீங்க போட்டோ எடுத்துடுவீங்க மேடம். எடுத்துட்டா அவ வர மாட்டா."

ஹப்சா அவனைப் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டியின் மேலேயே சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் சொன்னதில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று பூமாலைக்கு விளங்கவில்லை.

"சிரிச்சிட்டேன், மன்னிச்சிடுங்கண்ணே. ஆனா மார்ச் முடியப்போவுது, கணக்கு முடிக்கணும். எனக்குக் குடுத்த ஊருங்கள்ல பாக்கி நிக்கறது உங்க வூடு ஒண்ணுதான். வெள்ளிக்கெழம காலையில வருவேன். கதவும் நிக்கணும், அக்காவும் நிக்கணும்."

பூமாலை செல்போனை எடுத்தான்.

"போட்டோ சேதியா, வேற சேதியா மாப்ள?"

போட்டோ சேதி என்று சொன்னால் வெள்ளிக்கிழமை பச்சைப் புடவை வரும், நிற்கும், போகும். அதோடு சரி. பூமாலை கண்ணை மூடிக்கொண்டான்.

"வேற சேதி மச்சான்."

"அப்ப வெச்சிடறேன்," என்றார் வெங்கடேசன், தோசையின்மீது உள்ள பக்தியோடு.

மறுநாள் காலை பூமாலை கள்ளக்குறிச்சிக்குப் போய் மலை பஸ்ஸைப் பிடித்தான். வளைவுக்கு வளைவு சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்தான். அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தபோது பாதி மறந்துபோனது. வெள்ளிமலையில் இறங்கியபோது குளிர்ந்த காற்று மீதியையும் அடித்துக்கொண்டு போனது.

மெஸ்ஸில் கூட்டமாக இருந்தது. சாமை மூட்டையை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்த மலைக்காரர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் என்று பெஞ்சு நிறைந்திருந்தது. தோசைக்கல்லுக்கு முன்னால் செல்வி. அவனைப் பார்த்ததும் கரண்டி ஒரு நொடி நின்று மறுபடி சுற்றியது.

"இன்னிக்கு எந்த மட்டம்?"

"மட்டம் இல்ல. போட்டோவும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூமாலை பெஞ்சு ஓரத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். "தோசை," என்றான்.

தோசை வந்தது. தின்றான். பேச வாயைத் திறந்தான். "இன்னொண்ணு," என்றான். அதுவும் வந்தது. இப்படியே தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் முந்தினதைவிட மொறுமொறுப்பாக, அதாவது கோபமாக இருந்தது.

வெங்கடேசன் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். "மாப்ள, மாவு தீரப்போவுது. சொல்ல வந்தத சொல்லு. இல்லன்னா எடத்தக் காலி பண்ணு, பின்னாடி ஆளு நிக்குது."

பூமாலை எழுந்து நின்றான். கையில் சட்னி.

"அன்னிக்கு சடையன் கடையில நாலு பேரு எதுர்ல உளறிட்டேன் செல்வி. இங்க பத்துப் பேரு இருக்காங்க. இவங்க எதுர்லயே சொல்றேன். வூடு உன்னுது. அதுல நான் இருக்கலாமான்னு கேக்க வந்தேன்." மூச்சு வாங்கினான். "கக்கூஸ் கதவ நாந்தான் ஒளிச்சி வெச்சேன். மாட்டினா வூடு முடிஞ்சிடும். முடிஞ்சா நீ வர மாட்ட. நீ இல்லாத வூட்டுக்குக் கதவு எதுக்கு?"

பெஞ்சு முழுவதும் செல்வியைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மலைக்காரர் மட்டும் தயக்கமாகச் சொன்னார்: "அம்மா, தோச தீயுதும்மா."

செல்வி தீய்ந்ததைச் சுரண்டி எடுத்தாள். அவளுக்கு முகம் சிவந்திருந்தது. அடுப்புச் சூடு என்று சொல்ல முடியாது, அவள் இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருந்தாள்.

"யோவ்," என்றாள். பூமாலைக்குக் காதில் தேன் ஊற்றியதுபோல இருந்தது. "நான் இருந்தாலும் இல்லாட்டியும் கக்கூஸுக்குக் கதவு வோணும்யா!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"அந்தக் கதவ யாரு இந்தப் புடி புடிக்கறாங்கன்னு நெனச்ச?" என்றாள், குரலைத் தாழ்த்தி, கல்லைப் பார்த்துக்கொண்டே. "மேடம் போன மாசமே, பூச்சு காஞ்சதும் முடிச்சிடலாம்க்கா, கதவ அப்பறம் மாட்டிக்கலாம்னாங்க. நாந்தான் போன் பண்ணி, கதவு மாட்டாம போட்டோவுக்கு வர மாட்டேன்னு சொன்னேன்."

"நீயா? ஏன்?"

"ஏன்னா? நீ கதவு வாங்கறதுன்னா ரெண்டு மாசம் இழுப்பன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள வந்து கூப்புடுவன்னு பாத்தேன்." கரண்டியால் கல்லை ஒரு தட்டுத் தட்டினாள். "நான் இழுத்தா நீயும் கூட சேந்து இழுத்திருக்க. ஒரு வார்த்த கூப்புட்றதுக்கு இவ்ளோ நாளாய்யா?"

"கூப்ட்டேன். ஒங்க அண்ணன் போனைக் குடுக்கல."

"நான் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது போனை. பஸ்ஸ நிறுத்தச் சொன்னேனா?"

அப்போதுதான் பூமாலைக்கு ஹப்சாவின் சிரிப்பு விளங்கியது. இருவரும் சேர்ந்து ஒரு அரசாங்கத் திட்டத்தையே மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெங்கடேசன் தங்கையின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "மாவு எப்டியும் தீந்துபோச்சு. ரெண்டு பேரும் கெளம்புங்க," என்றார். சொல்லிவிட்டுக் கரண்டியை ஏக்கத்தோடு பார்த்தார். நாளையிலிருந்து தோசை அவர்தான் ஊற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஹப்சா வந்து ஸ்கூட்டியை நிறுத்தியபோது, வீட்டுக்குப் பின்புறமிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. நீலக்கதவு நிலையில் நின்றது. செல்வி அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உள்பக்கம் தொறக்கற மாரி மாட்டியிருக்கியே, உள்ள ஆளு எங்கய்யா நிக்கறது? கதவு மேலயா?"

"வெளிய தொறந்தா மழ அடிக்கும்டி."

"உள்ள தொறந்தா என் முட்டிய அடிக்கும்!"

"ஒன்ன உள்ள நிக்க வெச்சா அளவு பாத்தேன்?"

"சமையல் மேடைக்கு மட்டும் கண்ண மூடிக்கினு பாத்தியாமே, கண்ணாயிரம் அண்ணன் சொல்லுச்சி. இதுக்கும் மூட வேண்டியதுதான?"

சடையன் கடையில் ஒருவன் இன்னொருவனிடம் உரக்கச் சொன்னது கேட்டது: "அந்த வூட்ல குடி வந்துட்டாங்கபோல."

ஹப்சா சண்டை ஓயட்டும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். ஓய்கிற மாதிரி தெரியவில்லை. "அக்கா! முன்னாடி வாங்க. கண்ண மட்டும் இப்டிக் காட்டுங்க," என்று செல்வியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். செல்வி நின்றாளே தவிர, தலை மட்டும் பூமாலை நின்ற பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தது. வட்டம் பச்சையானதும் ஹப்சா சட்டென்று அழுத்திவிட்டாள்.

படத்தைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வாயத் தொறந்துக்கினு கையை நீட்டிக்கினு இருக்கீங்கக்கா. இன்னொண்ணு எடுக்கட்டா?"

"இருக்கட்டும் மேடம். எனக்கு உள்ள வேல கெடக்குது," என்று செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் திரும்பி, "யோவ், மேடத்துக்கு டீ வாங்கிக்கினு வா. அப்பால அந்தக் கதவப் பாரு," என்றாள்.

பூமாலை டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். பிறகு பின்பக்கம் போய், முகமெல்லாம் சிரிப்பாக, கீலைக் கழற்றி மறுபக்கம் மாட்டத் தொடங்கினான்.